நோவாத நோய்க்குறிகள்

"நோய்" என்னும் தமிழ்ச்சொல் "நோ" என்னும் அடியினின்று பிறந்தது. நோவது நோய். சொல்லின் பிறப்பு இவ்வாறிருத்தலினாற்போலும், நம் மக்களுட் பலர் நோவு உண்டாயின் நோயுண்டு, நோவு இல்லையாயின் நோயில்லை எனத் துணிந்து வாழ்கின்றனர். எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும் காலிற் புண்ணோடு வயலுக்குச் செல்லும் ஒரு முதியவரை அணுகி, "ஐயா, இதற்கு ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். "என்னத்துக்குத் தம்பி? ஒண்டும் நோகல்லையே" என்னும் விடையே பெரும்பாலும் வரும். வைத்தியத் தொழிலில் நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தைக் கழித்த யான், இவ்விடையைப்போல வேறெவ்விடையையும் அத்துணை முறை கேட்டிலேன்.

நம் கல்லூரி விழா மலருக்கு உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென நண்பர்கள் கேட்டபோது, இவ்வொரு பொருளையே எடுத்துரைக்கத் துணிந்தேன். கடுமையாக நோவது எதுவோ அது தானே நம்மை வைத்தியரிடம் இழுத்துச் செல்லும்; அதற்கு எவருடைய உபதேசமும் வேண்டுவதில்லை. நோவாது வரும் குறிகளோ கல்வியினாலன்றி அறியப்படா. ஆதலின் அவை கல்லூரி மலரொன்றிற் கூறத்தக்கன.

வலி என்னும் காவலன்

வலி நமக்குப் பகையன்று. உடலாகிய வீட்டின் காவலன் அதுவே. நமது தோலின்கண் எண்ணிறந்த நரம்பு நுனிகள் உள. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைக் கை தொட்டவுடன் அச்செய்தி நரம்பின் வழியே முதுகெலும்பினுள் இருக்கும் முண்ணாணை அடைகிறது. மூளை அதனை வலியென உணருமுன்னரே முண்ணாணின் கட்டளைப்படி கை பின்வாங்கிவிடுகிறது. செருப்பினுள் ஒரு மணற்பருக்கை கிடப்பினும் அடுத்த அடி வைக்குமுன் நாம் நின்று அதனை உதறிவிடுகிறோம். இவ்வாறு ஒரு நாளைக்கு எத்தனை முறை இக்காவலன் நம்மைக் காக்கின்றான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எனினும் இக்காவலன் எல்லாக் காலத்தும் எல்லா இடத்தும் விழித்திருப்பவன் அல்லன். அவன் மூன்று வகையில் நமக்கு உதவாது போகின்றான். காவலனே மாண்டுபோதல் ஒன்று. காவலன் நிறுத்தப்படாத இடத்திற் பகைவன் நுழைதல் மற்றொன்று. வந்து கூவிய காவலன் இடையிலே அடங்கிவிட, பகைவனும் போய்விட்டான் என வீட்டார் மயங்குதல் மூன்றாவது. இம்மூன்றனையும் முறையே காண்போம்.

வாவியின் நடுவே ஒரு பாடம்

காவலன் மாண்டுபோதலுக்கு நம் கண்ணெதிரே நின்ற சான்று ஒன்று உண்டு. மட்டக்களப்பு நகரை அணித்து, வாவியின் நடுவே, மாந்தீவு என்னும் சிறு தீவு உளது. தொழுநோயாளரைப் பிரித்து வைப்பதற்கென 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ஒரு வைத்தியசாலை அமைக்கப்பட்டது. இத்தகைய பிரிப்பு நம் நாட்டில் மிகப் பழையது. ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டிலேயே கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோய் விடுதியொன்றைக் கட்டினர். ஆங்கிலேயர் 1901இற் சட்டமொன்றை இயற்றி, நோயாளரைப் பிரித்து வைத்தலைக் கட்டாயமாக்கினர். எம் இளமைக் காலத்தில் வாவிக்கரையில் நின்று அத்தீவைச் சுட்டிக் காட்டிய பெரியோர், தம் குரலைத் தாழ்த்தியே பேசினர். நோயின் பெயரை வாயாற் சொல்லவும் அஞ்சினர்.

அவ்வச்சத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நோர்வே நாட்டு ஹான்சன் என்னும் வைத்தியர் 1873இல் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தாராயினும், அதனைக் கொல்லும் மருந்து 1940கள் வரையிற் கிடைத்திலது. அதன்பின் வழங்கிய டாப்சோன் என்னும் மருந்தையும் கிருமிகள் காலப்போக்கில் எதிர்த்து நிற்கத் தொடங்கின. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1981இல் றிபாம்பிசின், குளோபசிமின், டாப்சோன் என்னும் மருந்துகளைச் சேர்த்து வழங்கும் முறையை விதித்தது. இலங்கையில் அம்முறை 1983இல் தொடங்கப்பட்டது. நோயின் அளவுக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்துண்டால் நோய் முற்றாக நீங்கும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் ஆற்றல் அற்றுப்போகிறது. ஆதலின் எவரையும் தீவிற் பிரித்து வைக்க வேண்டிய தேவை இன்று இல்லை. நாடு முழுவதற்குமாகக் கணக்கிட்டு, பதினாயிரவருக்கு ஒருவருக்குக் குறைவாக நோயாளர் இருக்கும் நிலையை இலங்கை 1995இல் அடைந்தது.

இதனைக் கேட்ட பலர் நோயே ஒழிந்ததெனக் கருதிவிட்டனர். உண்மை அஃதன்று. அதன் பின்னரும் நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாகக் கண்டறியப்பட்டு வந்துள்ளனர். நோய் மிகுதியாகக் காணப்படும் மாவட்டங்களுள் நம் மட்டக்களப்பும் ஒன்று. புதிய நோயாளருள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினர் சிறுவர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. கிருமி உடலிற் புகுந்து குறி தோன்றுவதற்குச் சராசரி ஐந்து ஆண்டு செல்லும். சிலரிடத்து இருபது ஆண்டும் செல்லும். ஆகவே ஒரு சிறு பிள்ளைக்கு நோய் காணப்படுகிறதெனில், அப்பிள்ளையின் அருகே இன்னும் வைத்தியரை அணுகாத ஒருவர் நெடுநாளாக வாழ்ந்து வருகின்றார் என்பது பெறப்படும். அவர் ஏன் அணுகவில்லை? அவருக்கு ஒன்றும் நோகவில்லை.

இந்நோய்க் கிருமி உடலிற் குளிர்ந்த பகுதிகளை விரும்பி, அங்குள்ள நரம்புகளிற் குடிபுகுகிறது. முதலில் அழிவது உணர்ச்சியே. நரம்பு கெட்டபின் தசையும் வலிவிழக்கும். விரல்கள் அழுகி விழுதல் கிருமியின் செயல் என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையைத் தகர்த்தவர்களுள் முதன்மையானவர் போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர். அவர் 1914இல் தமிழ்நாட்டுக் கொல்லிமலையிற் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றியவர். நோயாளர்தம் கைகளை நாள்தோறும் நுணுகி ஆராய்ந்த அவர், விரல்கள் தாமாக அழிவதில்லை எனக் கண்டார். கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றியும், ஆணி குத்தியும், புண்ணோடு நடந்தும், உறங்கும்போது எலி கடித்தும் அவை சிறிது சிறிதாகக் குறைந்து போயின. நோகாமையால் நோயாளர் ஒன்றையும் அறிந்திலர். இரவில் எலி வாராதபடி ஒவ்வொரு நோயாளரும் பூனை வளர்க்க வேண்டுமென அவர் ஏற்பாடு செய்த செய்தி நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். அஃது ஓர் அறிவியல் உண்மையினின்று பிறந்த வைத்தியமேயாம்.

கவராய முனை

ஈண்டு என் மனத்தை நெடுங்காலமாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டும். அறுபதுகளின் பிற்பகுதியில் யான் விடுதியில் தங்கிப் படித்தேன். படுவான்கரையிலிருந்து வந்த நண்பன் ஒருவன் என் பக்கத்துக் கட்டிலில் உறங்குவான். கரப்பந்தாட்டத்தில் அவனை வெல்வார் இல்லை. அவனது இடது முழங்கையை அடுத்து உட்புறத்தில், பழைய ஒரு ரூபாய் நாணயமளவில், தோல் சற்று வெளுத்திருந்தது. தேமல் என்றே அவனும் நாங்களும் எண்ணினோம். ஒருநாள் கேத்திரகணித வகுப்பு முடிந்தபின் ஒருவன் விளையாட்டாகக் கவராய முனையால் அவ்விடத்திற் குத்தினான். நண்பன் கண் இமைத்திலன். நாங்கள் வியந்தோம், "வீரன்" என்று பட்டமும் சூட்டினோம். அன்று தொடங்கிப் பல வாரங்கள் அது எங்கள் மாலை விளையாட்டாயிற்று. அவனும் பெருமையோடு கையை நீட்டுவான். ஆசிரியர் எவரிடமும் நாங்கள் இதனைச் சொல்லவில்லை.

பல ஆண்டுகளின் பின் யான் வைத்தியக் கல்லூரி மாணவனாக நின்றபோது, பேராசிரியர் ஒரு நோயாளியின் வெளுத்த தோலைப் பஞ்சு நுனியால் தொட்டு, "இங்கே தெரிகிறதா?" என வினவினார். "இல்லை" என்றார் நோயாளி. அக்கணத்தில் எங்கள் விடுதி மண்டபமும் கவராயமும் என் கண்முன் வந்தன. அன்றிரவே நண்பனுக்குக் கடிதம் எழுதினேன். விடை வந்திலது.

எண்பதுகளின் இறுதியில் ஒரு கலியாண வீட்டில் அவனைக் கண்டேன். நோய் முற்றாக நீங்கியிருந்தது. கூட்டு மருந்தை ஒழுங்காக உண்டு முடித்திருந்தான். எனினும் இடது கையின் சிறுவிரலும் மோதிர விரலும் மடங்கி நின்றுவிட்டன. மருந்து கிருமியைக் கொல்லும். மாண்ட நரம்பை எழுப்பாது. யான் சொல்லத் தெரியாது நின்றதைக் கண்டு அவனே தோளிற் கைவைத்து, "அப்ப இது நொந்திருந்தா நான் அண்டைக்கே போயிருப்பன், மச்சான்" என்றான். இக்கட்டுரையில் யான் கூறவிருக்கும் யாவும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

ஆதலின் மாணவர்களே, இதனை மனத்திற் கொள்ளுங்கள். சூழவுள்ள தோலினும் வெளுத்தோ செம்மைபடர்ந்தோ ஒரு படை தோன்றி, அது அரிக்காமலும் நோகாமலும் நெடுநாள் இருக்குமாயின், கண்களை மூடச்செய்து பஞ்சு நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தொட்ட இடத்தை விரலாற் சுட்டிக்காட்ட இயலாதாயின் வைத்தியரிடம் செல்லுங்கள். முனையாற் குத்திச் சோதித்தல் வேண்டா. அப்படையில் வியர்வை அரும்பாமையும், மயிர் உதிர்தலும், கைகால்களில் மரமரப்பும், காது மடல் தடித்தலும், சிறுவிரல் வலிவிழத்தலும் பிற குறிகளாம். உணர்ச்சி கெடாத படையும் சிலவேளை இந்நோயாக இருக்கக்கூடும். தேமலுக்குரிய மருந்தைச் சில வாரம் பூசியும் மறையாத படை எதுவும் காட்டத்தக்கதே. அரசாங்க வைத்தியசாலைகளின் தோல்நோய்ப் பிரிவுகளில் இதற்குரிய சோதனையும் மருந்தும் விலையின்றிக் கிடைக்கின்றன.

அஞ்சவேண்டியது அதிகம் இல்லை. மக்களுட் பெரும்பாலோர் இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றலை இயல்பாகவே உடையவர். மருந்துண்ணாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்வோரையே அது பெரிதும் பற்றும். மூக்கினின்றும் வாயினின்றும் வரும் நுண்துளிகளே அதன் ஊர்தி. கைகுலுக்குதலாலோ ஒரு வாங்கில் அமர்தலாலோ அது பரவாது. மருந்துண்ணும் காலத்தில் திடீரென நரம்பு நொந்தாலும், கை சோர்ந்தாலும், கண் சிவந்தாலும் அன்றே வைத்தியரைக் காணவேண்டும். உரிய மருந்தைக் காலந்தாழ்த்தாது கொடுத்தால் நரம்பைக் காப்பாற்றலாம்.

நீரிழிவுக்காரரின் உள்ளங்கால்

தொழுநோய் சிலரைப் பற்றுவது. அதே கேட்டை மிகப் பலருக்குச் செய்வது நீரிழிவு. இரத்தத்திற் சர்க்கரை பல ஆண்டு மிகுந்து நிற்பின் கால்நரம்புகள் நுனியிலிருந்து மேல்நோக்கி மெல்ல மெல்லக் கெடும். முதலில் எரிவும் ஊசி குத்துதல் போன்ற உணர்வும் தோன்றும். பின்னர் அவையும் அடங்கும். அடங்கியவுடன் சுகமாயிற்று என மகிழ்வோர் பலர். அடங்கியது காவலனின் குரலேயாம்.

நம் பகுதி மக்கள் வெறுங்காலோடு சேற்று வயலில் இறங்குவோர். சிப்பியும் முள்ளும் நிறைந்த வாவிக்கரையில் நடந்து வலை வீசுவோர். கொதிக்கும் மணலிற் கோயில் வீதியைச் சுற்றி வருவோர். உணர்ச்சியற்ற உள்ளங்காலில் ஒரு முள் ஏறினால் அதனை மூன்றாம் நாள் துர்நாற்றமே அறிவிக்கும். அதற்குள் கிருமி எலும்பைத் தொட்டிருக்கும். ஆகவே நீரிழிவுடையோர் ஒவ்வோர் இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கொளியிற் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதவர் சிறு கண்ணாடியொன்றைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். கொப்புளமோ, கருமையோ, வெடிப்போ, புண்ணோ காணின் அது நோகிறதா என்று கேட்டுக்கொண்டிருத்தல் கூடாது. அன்றே செல்லுதல் வேண்டும்.

இவர்களுக்கு இன்னுமோர் எச்சரிக்கை உண்டு. மாரடைப்பு என்றவுடன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்கும் மனிதனையே நாம் எண்ணுகிறோம். நீரிழிவுடையோருக்கும் முதியோருக்கும் மாரடைப்பு நெஞ்சு நோவின்றியே வருதல் உண்டு. காரணமின்றிக் குளிர்ந்த வியர்வை பெருகுதல், மூச்சு முட்டுதல், குமட்டுதல், இதுவரை அறியாத சோர்வு உண்டாதல் ஆகியவையே அப்போது குறிகளாம். "வாய்வு" எனக் கூறி இஞ்சிச் சாறு குடித்துப் படுத்தவர்களுட் சிலர் மறுநாள் எழுந்திலர்.

காவலன் நிறுத்தப்படாத இடங்கள்

மூளையின் திசுவுக்கும் நுரையீரலின் உட்பகுதிக்கும் நோவை உணரும் நரம்புகள் இல்லை. ஈரலிலும் சிறுநீரகத்திலும் அவை மிக அரிது. மேலுறை விரிந்தாலன்றி அவ்வுறுப்புக்கள் நோவதில்லை. இரத்த அமுக்கம் ஏறுவதையும் நாம் உணர்வதில்லை. தலை சுற்றினால் அமுக்கம், சுற்றாவிடின் இல்லை என்பது வெறும் நம்பிக்கையே. அளந்து பார்த்தலே வழி. சிறுநீரகம் பெரும்பகுதி கெட்ட பின்னரே காலும் முகமும் வீங்கும். ஆதலின் 35 வயதைக் கடந்தோர் நோவை எதிர்பாராது ஆண்டுக்கொருமுறை இரத்த அமுக்கத்தையும் சர்க்கரையையும் சோதித்தல் நன்று.

புற்றுநோயும் தன் தொடக்கத்தில் நோவதில்லை. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் முதலிடம் வகிப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கமே அதற்குத் தலையாய காரணம். கன்னத்தின் உட்புறத்திலோ நாவின் பக்கத்திலோ வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ தோன்றுதல், இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், வாயை முன்போல அகலத் திறக்க இயலாமை, காரம் பட்டால் எரிதல் ஆகியவற்றைக் கண்டவுடன் பல் வைத்தியரிடமேனும் செல்லுதல் வேண்டும். மூன்று விரல்களை ஒன்றன்மேலொன்றாக வைத்து வாயினுட் செலுத்த இயலாதாயின் அதுவே போதிய அறிவிப்பு. இந்நிலையிற் கண்டால் சிறு சிகிச்சையோடு பிழைப்பர். நோவு தொடங்கியபின் வந்தால் தாடையையே இழப்பர்.

பெண்களுக்கு முதலிடத்தில் நிற்பது மார்பகப் புற்றுநோய். நோகாத கட்டி என்று தாய்மார் மறைத்து வைப்பர். பெரும்பாலும் நோகாத கட்டியே அஞ்சத்தக்கது. கட்டியெல்லாம் புற்று அன்று. எது புற்று, எது அன்று என்று தீர்ப்பவர் வைத்தியரே. நாணம் உயிரினும் பெரிதன்று என்பதை வீட்டிலுள்ள ஆண்மக்கள் உணர்ந்து, தாயையும் உடன்பிறந்தாளையும் தாமே அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

சிறுநீரில் நோவின்றி இரத்தம் ஒருமுறை தோன்றி மறைந்தாலும் அதனைப் பொருட்படுத்துதல் வேண்டும். மலத்தில் இரத்தம் வரின் மூலமென்று தாமே தீர்மானித்தல் ஆகாது. மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு மீண்டும் இரத்தம் காணின் ஒரு துளியாயினும் வைத்தியரிடம் கூறல் வேண்டும். காரணமின்றி உடல் மெலிதலும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலும் இவ்வகையினவே. இருமல் சயரோகத்தின் குறியாக இருக்கக்கூடும். சளியைச் சோதித்தால் ஐயம் தீரும்.

வயற்காவலுக்குச் சென்று தரையிற் படுப்போர் அறியவேண்டியது ஒன்று. எண்ணெய் விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் வழங்கும் பாம்பு இரவில் உறங்குவோரையே பெரும்பாலும் தீண்டும். அதன் கடி வீங்குவதில்லை, நோவதும் அரிது, பல் பதிந்த அடையாளமும் பலவேளை தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலியோடும் இமைகள் தாமே சரியும் நிலையோடும் ஒருவர் எழுந்து, பேச்சும் விழுங்குதலும் தடுமாறுமாயின், பாம்பைக் கண்டிலோம் என்று காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மூச்சுத் தசைகள் தளருமுன் சென்றால் உயிர் பிழைக்கும். பாயிற் படுப்போர் நுளம்பு வலையை நான்கு புறமும் பாயின்கீழ் மடித்துவிடுதல் சிறந்த காப்பு.

அடங்கிய குரலை நம்பற்க

இனி மூன்றாவது வகை. ஒருவருக்கு வாய் ஒருபுறம் கோணுகிறது, ஒரு கை சோர்கிறது, பேச்சுக் குழறுகிறது. கால் மணி நேரத்தில் யாவும் பழையபடி சரியாகின்றன. "தெய்வம் காத்தது" என்று வீட்டார் அமைதியடைவர். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயிற் கட்டி ஒன்று அடைத்து விலகியது என்பதே அதன் பொருள். அடுத்த சில நாட்களுக்குள் பெரிய பாரிசவாதம் வருதல் கூடும். ஆதலின் குணமாயினும் அன்றே செல்லுதல் வேண்டும். குணமாகாது நிற்பின் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் பகுதி அழிகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாலே பயன் உண்டு. மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றவுடன் விட்டுவிடுமாயின் அதுவும் இவ்வகையே; இருதயத்தின் குழாய் ஒடுங்கியிருக்கிறது என அது கூறிச்செல்கிறது. வயிற்றின் வலப்புறக் கீழ்ப்பகுதியிற் கடுமையாக இருந்த நோவு திடீரெனத் தணிந்து, பின்னர் வயிறெங்கும் பரவுமாயின் குடல்வால் உடைந்திருத்தல் கூடும்.

நம் பகுதியில் வாடைக்காற்று மழை பெய்து ஓய்ந்ததும் டெங்குக் காய்ச்சல் தலைகாட்டும். அதன் வஞ்சகம் பெரிது. மூன்று நான்கு நாள் கொதித்த உடல் குளிர்கிறது, தாய் நிம்மதியடைகிறாள், அவ்வேளையிலேதான் இரத்தக் குழாய்களினின்று நீர் கசிந்து பிள்ளையின் நிலை கவலைக்கிடமாகிறது. காய்ச்சல் விட்டபின் வயிற்று நோவு, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், அமைதியின்மை அல்லது தூக்கமயக்கம், முரசில் இரத்தம் கசிதல், சிறுநீர் குறைதல் இவற்றுள் ஒன்று காணினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அத்தகைய காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் அன்றி அஸ்பிரின் முதலிய மருந்துகளைக் கொடாதீர்கள். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் வரின் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "வயலில் நின்றேன்" என்னும் செய்தியை வைத்தியரிடம் முதலிற் கூறுக.

எப்பொழுது செல்லுதல் வேண்டும்?

நினைவில் வைத்தற்கு எளிதாக மேற்கூறியவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

அக்கணமே: முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறல், நெஞ்சு இறுக்கம், அல்லது நோவின்றிக் குளிர் வியர்வையும் மூச்சுமுட்டும், இமை சரிதல், காய்ச்சல் விட்டபின் தளர்ச்சி. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும்.

அன்றே: நீரிழிவுடையோர் காலிற் புண்; வந்து மறைந்த பாரிசவாதக் குறி; சிறுநீரில் இரத்தம்; தொழுநோய்க்கு மருந்துண்போருக்கு நரம்பு நோவு.

ஒரு கிழமைக்குள்: உணர்ச்சியற்ற தோற்படை, புதிய கட்டி, வாயில் ஆறாத புண், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல், காரணமற்ற மெலிவு.

சொல்லுந் திறமும் வேண்டும். எப்பொழுது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, என்ன மருந்து உண்டீர், வீட்டில் வேறெவர்க்கேனும் உண்டா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். பரியாரியாரிடம் மருந்துண்டிருப்பின் அதனையும் ஒளியாது சொல்லுங்கள். எவரும் அதற்காக உங்களைக் கடிந்துகொள்ளார்.

முடிவாக ஒரு சொல்

ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளின் முகத்தையும் முழங்கையையும் பெற்றோரைவிட அதிக நேரம் பகல் வெளிச்சத்திற் காண்பவர் நீங்கள். ஒரு மாணவனின் தோலில் ஐயமான படையைக் கண்டால் வகுப்பின் முன் வினவாது தனியே அழைத்துப் பேசுங்கள்; பெற்றோருக்கு மெல்ல அறிவியுங்கள். மருந்து தொடங்கிய பிள்ளை மறுநாளே வகுப்பில் அமரலாம் என்பதை மற்றையோருக்கு எடுத்துக் கூறுவதும் உங்கள் கடமை. மாணவர்களே, நண்பனுக்கு நோகாதது உங்களுக்கு வியப்பளிக்குமாயின், அவனுக்குப் பட்டம் சூட்டாதீர்கள். கைப்பிடித்து ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பழைய மாணவர்களாகிய என் தோழர்களே, நாம் கால்களைக் குனிந்து பார்க்கும் வயதை அடைந்துவிட்டோம். இன்றிரவே பாருங்கள்.

வாவியைக் கடந்து செல்லும்போதெல்லாம் மாந்தீவின் மரங்கள் இன்றும் என் கண்ணிற் படுகின்றன. அங்கே வாழ்ந்து மறைந்த பலர், மருந்து பிறக்காத காலத்திற் பிறந்தமையால் அங்கே சென்றனர். நமக்கு மருந்து இருக்கிறது, வைத்தியர் இருக்கின்றார், விலையும் இல்லை. "ஒண்டும் நோகல்லையே" என்னும் விடை ஒன்றே நமக்கும் அவர்க்கும் இடையே நிற்கிறது. அவ்விடையை இனி நம் வாயிலிருந்து வாராது காப்போமாக.